காவிரி எந்தப் பக்கம் போகிறது? விரலால் படிக்கும் கணினித் திரைகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவது, தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பது என்று சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பிக்குப் புவியியல் வாசித்த நாள்களில் நடந்தது இது. காவிரியைப் பற்றி அவரிடம் எதைக் கேட்டாலும் விடை வரும். தலைக்காவிரியில் பிறப்பு, ஒகேனக்கல்லில் அருவி, மேட்டூரில் அணை, பூம்புகாரில் கடல். துணையாறுகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பார். ஒருநாள் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அக்கா, காவிரி மேலயிருந்து கீழ வருதா, இல்ல குறுக்கால போகுதா?"

இரண்டும்தான். வடக்கேயிருந்து தெற்காக இறங்கி வந்து, ஈரோடு தாண்டியபின் மெல்லக் கிழக்கே திரும்பிக் கடலுக்குப் போகிறது. வாயால் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளங்கையை நீட்டச் சொல்லி, என் விரலால் அதில் தமிழ்நாட்டை வரைந்து, ஆற்றையும் இழுத்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு தடவை போடுங்கக்கா. ஆனா என் கையில வேணாம். என் விரலைப் பிடிச்சுக்கிட்டு மேசையில போடுங்க" என்றார். போட்டேன். "இப்பப் புரியுது" என்றார்.

அடுத்த வாரம் ஓர் அட்டையில் மாநில எல்லைக்குச் சணல் கயிறும், காவிரிக்குக் கம்பளி நூலும் ஃபெவிகால் வைத்து ஒட்டி எடுத்துப் போனேன். இரண்டு கைகளாலும் பத்து நிமிடம் தடவினார். "திருச்சி கிட்டத்தட்ட நடுவுல இருக்குல்லக்கா?" என்றார். அத்தனை வருடம் அவர் மனப்பாடம் செய்த எந்த வரியும் அதை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பின்னாளில் இந்தத் துறையின் ஆராய்ச்சிகளைப் படிக்கத் தொடங்கியபோது, அந்தத் தம்பி கேட்ட கேள்வியும் அவர் எனக்குச் செய்த திருத்தமும்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. ஒரு பொருள் என்ன என்பதைக் குரல் சொல்லிவிடும். அது எங்கே இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் வளைகிறது என்பதைச் சொல்லக் குரல் திணறும். அங்கேதான் விரல் வேண்டியிருக்கிறது. விரலுக்கு ஏற்ற கணினித் திரையை எப்படிச் செய்வது என்பதே இந்த ஆராய்ச்சியின் கதை.

குரல் கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும்

பார்வையற்றவர்கள் கணினியில் வேலை செய்ய உதவும் பேசும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், விண்டோஸ் கணினியில் ஜாஸ் அல்லது என்விடிஏ. இவற்றில் என்விடிஏ மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய பணி அது. காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். தமிழையும் வாசிக்கும்.

திரைவாசிப்பான் திரையில் தெரியும் படத்தைப் பார்த்துப் படிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் தன்னிடம் உள்ள பொத்தான்கள், பெட்டிகள், தலைப்புகள் ஆகியவற்றைப் பற்றி ஒரு பட்டியலை உள்ளுக்குள் வைத்திருக்கும். இது பொத்தான், இதன் பெயர் 'அனுப்பு', இப்போது அழுத்தலாம் என்ற வகையில் குறிப்புகள் அதில் இருக்கும். திரைவாசிப்பான் அந்தப் பட்டியலைத்தான் வரிசையாக வாசிக்கிறது. செயலியை எழுதியவர் பெயர் வைக்க மறந்திருந்தால், அது "பட்டன்" என்று மட்டும் சொல்லும். பணம் அனுப்பும் செயலியில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று கேட்டுக்கொண்டு எதை அழுத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் எழுதியிருந்தால் போதும், அந்தத் தவிப்பு இருந்திருக்காது.

இந்தப் பட்டியல் முறை எளிதில் வந்துவிடவில்லை. 1980-களின் டாஸ் கணினிகளில் திரை என்பது 25 வரி, வரிக்கு 80 எழுத்து, அவ்வளவுதான். எழுத்துகள் கணினியின் நினைவகத்தில் அப்படியே வரிசையாக இருக்கும். அவற்றை எடுத்துப் பேச வைப்பது கடினமாக இல்லை. பார்வையற்ற நிரலாளர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நல்ல வேலைகளில் இருந்தார்கள். பிறகு விண்டோஸ் வந்தது. எழுத்துகள் போய்ப் படங்கள், மவுஸ், சாளரங்கள். திரையில் இருப்பது வெறும் நிறப் புள்ளிகள் என்றான பிறகு எதை எடுத்துப் பேசுவது? கைக்கு வந்த வேலை போய்விடுமோ என்று பலர் அஞ்சிய காலம் அது.

1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் மைனட்டும் கீத் எட்வர்ட்ஸும் மெர்க்கேட்டர் என்ற ஆய்வில் இதற்கு ஒரு விடை தந்தார்கள். நிறப் புள்ளிகளை மொழிபெயர்க்க முயலாதீர்கள். இந்தச் சாளரத்துக்குள் இந்தப் பட்டி (மெனு), பட்டிக்குள் இந்தக் கட்டளை என்ற உறவுகளை மட்டும் எடுத்து ஒலியாக்குங்கள் என்றார்கள். நல்ல விடை. இன்றைய திரைவாசிப்பான்களும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் இதற்குக் கொடுத்த விலை என்ன என்றால், திரையில் பரந்து கிடந்தது ஒற்றை நூலிழையாகிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். ஒரே நேரத்தில் தடவிப் பார்க்க முடியாது.

செய்தி, கடிதம், கதை ஆகியவற்றுக்கு இந்த ஒற்றை நூல் போதும். பழகியவர்கள் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நமக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆனால் வரைபடம், மின்சுற்று, வடிவியல், கணக்கு அட்டவணை, இசைக்குறிப்பு இவற்றையெல்லாம் நூலிழையாக்கினால் பொருளே போய்விடுகிறது.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குரல் எழுத்தைச் சொல்லாது, ஓசையைத்தான் சொல்லும். 'மரம்' என்பதையும் 'மறம்' என்பதையும், 'அன்னை' என்பதில் வரும் னகரத்தையும் 'நாடு' என்பதில் வரும் நகரத்தையும் காதால் மட்டும் பிரித்து எழுத்துக் கூட்டக் கற்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். காதால் மட்டுமே படித்து வளர்ந்த சில மாணவர்கள் அருமையாகப் பேசுவார்கள், தட்டச்சு செய்யும்போது ர, ற தடுமாறும். புடைத்த புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தில் படித்து வளர்ந்தவர்களிடம் இதை நான் அதிகம் கண்டதில்லை.

விரல் நுனியின் அளவு

பிரெயில் எழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள், இரண்டு நெடுவரிசையில் மும்மூன்று. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர். இந்த அளவுகள் விரல் நுனியிலிருந்தே வந்தவை. இரண்டு முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் நுனியில் தொட்டால், அவற்றுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி இருந்தால்தான் 'இரண்டு' என்று நாம் உணர்வோம். அதற்குக் கீழே போனால் ஒன்றாகத் தோன்றும். முதுகில் என்றால் சில சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

லூயி பிரெயிலுக்கு முன்பே சார்ல் பார்பியே என்பவர் 12 புள்ளிகள் கொண்ட ஒரு முறையை வைத்திருந்தார். அதன் ஒரு குறி விரல் நுனிக்குள் அடங்காது. மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டும். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கண்ணில் கருவி குத்திப் பார்வை இழந்த பிரெயில், பாரிஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அதை ஆறாகக் குறைத்தார். முழுக்குறியும் ஒரே தொடுகையில் விரலுக்குக் கீழே வந்துவிட்டது. 1829-இல் அதை நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது இருபது. அதற்கு முன் அந்தப் பள்ளியில் நம் கண் பார்க்கும் ரோமன் எழுத்துகளையே பெரிதாகப் புடைக்கச் செய்து தடவச் சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கு அழகான வளைவு விரலுக்கு மங்கலான மேடு. கண்ணுக்கு உள்ளதை அப்படியே மேடாக்கினால் விரலுக்குப் போதும் என்ற தவறான எண்ணம் இன்றுவரை ஆய்வகங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

நம் மொழிகளுக்கு 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் ஓசையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் 'க'வுக்கும் இந்தியின் 'க'வுக்கும் ஒரே புள்ளிகள், 1-ம் 3-ம். அச்சில் 'கொடி' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. பிரெயிலில் க, ஒ, ட, இ என்று ஓசை வரும் வரிசையிலேயே வரும். விரலுக்கு இதுதான் இயல்பு. முன்னால் போய்ப் பின்னால் திரும்பிப் படிக்க விரலுக்கு நேரமில்லை.

இனி கணினி. பிரெயில் டிஸ்ப்ளே என்ற கருவி விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் நீண்ட பட்டை போன்றது. அதில் சிறு துளைகள் வழியாக ஊசிகள் மேலெழும், கீழிறங்கும். கர்சர் இருக்கும் வரி பிரெயிலில் எழுந்து நிற்கும். அடுத்த வரிக்குப் போனால் ஊசிகள் மாறி நிற்கும். கணினிப் பிரெயிலில் கட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள். 40 கட்டம், 80 கட்டம் என்ற அளவுகள் ஏன் என்றால், டாஸ் திரையின் ஒரு வரி 80 எழுத்து. பழைய திரையின் நினைவு இன்றும் அந்தப் பட்டையில் இருக்கிறது.

ஊசியைத் தூக்குவது பீசோ மின்படிகப் பட்டை. சில வகைப் படிகங்கள் மின்னழுத்தம் கொடுத்தால் சற்று நீளும் அல்லது சுருங்கும். அப்படி இரண்டு மெல்லிய பட்டைகளை ஒட்டி, ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும்படி செய்தால் முழுப் பட்டையும் வளையும். அதன் நுனி ஊசியை மேலே தள்ளும். சுமார் 200 வோல்ட் அழுத்தம், ஆனால் மின்சாரச் செலவு மிகக் குறைவு. ஒரு ஊசிக்கு ஒரு பட்டை. 40 கட்ட டிஸ்ப்ளேவுக்கு 320 பட்டைகள், ஒவ்வொன்றும் பிசகாமல் பொருந்த வேண்டும். விலை ஏன் லட்சங்களில் போகிறது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு விளைவும் உண்டு. போதுமான அளவு வளைய வேண்டுமானால் பட்டை சில சென்டிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். அது ஊசிக்குப் பின்னால் படுக்கையாக நீண்டு கிடக்கும். ஒரு வரி வைக்கலாம். அதற்கு அடியில் உடனே இரண்டாவது வரி வைக்க இடமில்லை. ஆகவே பிரெயில் டிஸ்ப்ளே பல பத்தாண்டுகள் ஒற்றை வரியிலேயே நின்றுவிட்டது. குரலைப் போலவே விரலும் ஒற்றை நூலில் மாட்டிக்கொண்டது.

விலையைக் குறைக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. பீசோவை விட்டு வேறு முறையில் இயங்கும் ஆர்பிட் ரீடர் 20 சுமார் 500 டாலருக்கு வந்தது. வரி மாறும் வேகம் குறைவுதான், ஆனால் அந்த விலையில் பிரெயில் டிஸ்ப்ளே என்பதே பெரிய செய்தி. டெல்லி ஐஐடியில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் வழிநடத்திய குழு 2019-இல் டாட்புக் என்ற பிரெயில் கணினியை வெளியிட்டது. மின்சாரம் இல்லாத பிரெயில் தட்டச்சுப்பொறியான பெர்கின்ஸ் பிரெயிலரை வேலூரை அடுத்த காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட் செய்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கைக்கு எட்டுவது இன்னும் அதுவோ, எழுத்தாணியும் பிரெயில் பலகையுமோதான்.

மகளுக்காக ஓர் அப்பா செய்த கருவி

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் லின்வில். அவருடைய மகள் கேண்டி சிறு குழந்தையிலேயே பார்வை இழந்தவர். பாடநூல்களை அம்மா உட்கார்ந்து பிரெயிலில் எழுதித் தருவார். 1960-களின் தொடக்கத்தில் லின்வில் ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்துக்குப் போனபோது, சிறு ஊசிகளை வேகமாகத் தட்டி எழுத்துகளை அச்சிடும் ஒரு பொறியைக் கண்டார். அந்த ஊசிகளின் மேல் விரலை வைத்தால் எழுத்தை உணர முடியுமா என்று அவருக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் ஆப்டக்கான் ஆனது. ஜேம்ஸ் பிளிஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தார். வலக்கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. அதை அச்சிட்ட வரியின் மேல் உருட்டிக்கொண்டு போக வேண்டும். இடக்கையின் ஆள்காட்டி விரல் ஒரு பள்ளத்தில் இருக்கும். அதற்கு அடியில் 24 வரிசை, வரிசைக்கு 6 என 144 ஊசிகள். கேமரா மை கண்ட இடத்துக்கு நேரான ஊசிகள் நொடிக்கு 230 தடவை அதிரும். அப்போது எழுத்தின் உருவமே விரலின் கீழே ஊர்ந்து போகும். இந்த ஊசிகளையும் அசைத்தது அதே பீசோ பட்டைதான். அதிர்வு எண்ணுக்கும் காரணம் உண்டு. தோலின் ஆழத்தில் உள்ள பாசினியன் என்ற உணர்விகள் நொடிக்கு 200 முதல் 300 தடவை வரையான அதிர்வுக்குத்தான் மிகக் கூர்மையானவை.

கவனிக்க வேண்டியது, ஆப்டக்கான் எதையும் அடையாளம் காணாது. இது 'அ', இது 'ஆ' என்று அது சொல்லாது. மையின் வடிவத்தைத் தரும், படிப்பது முழுக்க மனிதரின் வேலை. ஆகையால் அது எந்த மொழியின் அச்சையும், கணிதக் குறியையும், மருந்துச் சீட்டில் அச்சடித்ததையும் விரலுக்குக் கொண்டுவரும். கணினித் திரையோடு பொருத்த ஒரு துணைக்கருவியும் வந்தது. பார்வையற்ற நிரலாளர்கள் சக ஊழியரைக் கூப்பிடாமல் திரையைத் தாங்களே படித்தார்கள்.

1971-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கருவியைக் கற்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். பிரெயிலின் வேகம் வராது. பிறகு அச்செழுத்தைக் கணினியே அடையாளம் கண்டு வாய்விட்டு வாசிக்கும் பொறிகள் மலிவாயின. 1996-இல் ஆப்டக்கான் தயாரிப்பு நின்றது. அதைப் பழகியவர்கள் பலர், பழுதான கருவிகளின் பாகங்களைச் சேர்த்துச் சேர்த்து இன்னும் நெடுநாள் காப்பாற்றினார்கள். அவர்கள் பக்கம்தான் நான். பேசும் பொறி பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும். பக்கம் எப்படி இருக்கிறது என்பது ஆப்டக்கானில் மட்டுமே தெரிந்தது. அதை ஈடுகட்ட ஒன்றைச் செய்யாமலே அதைக் கைவிட்டது அவசரம்.

முதுகால் பார்த்தவர்கள்

1969-இல் பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பழைய பல் மருத்துவ நாற்காலி ஒன்றின் முதுகுப் பகுதியில் 400 அதிர்வு முனைகள், 20-க்கு 20. எதிரே ஒரு தொலைக்காட்சிக் கேமரா. கேமரா காண்பது நாற்காலியில் உட்கார்ந்தவரின் முதுகில் அதிர்வுகளாக வரையப்படும். பிறவியிலேயே பார்வையற்றவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

முதலில் முதுகில் கிச்சுகிச்சு மட்டும்தான். பழகப் பழகக் கோடு, வட்டம், பிறகு தொலைபேசி போன்ற பொருள்களை அடையாளம் கண்டார்கள். சில மணி நேரத்துக்குப் பிறகு, அதிர்வு முதுகில் இருக்கிறது என்ற உணர்வே போய், பொருள் எதிரே, 'அங்கே' இருப்பதாக உணரத் தொடங்கினார்கள். ஒருமுறை ஆய்வாளர் ஒருவர் சொல்லாமல் கேமராவின் ஜூமை நகர்த்திவிட்டார். முதுகில் உருவம் திடீரெனப் பெரிதானது. உட்கார்ந்திருந்தவர் கைகளை உயர்த்திப் பின்னுக்குச் சாய்ந்தார். எதிரிலிருந்து ஏதோ தன்மீது பாய்ந்து வருகிறது என்று. அதிர்ந்ததோ முதுகு.

இதில் ஒரு நிபந்தனை இருந்தது. கேமராவைத் திருப்பும் கைப்பிடி அந்தப் பார்வையற்றவரின் கையிலேயே இருக்க வேண்டும். வேறொருவர் திருப்பினாலோ கேமரா அசையாமல் நின்றாலோ, முதுகில் வெறும் அதிர்வுதான் தெரியும். எதிரே பொருள் தோன்றாது. நான் நகர்ந்தேன், அதனால் இது மாறியது என்ற தொடர்பிலிருந்துதான் மூளை இடத்தைக் கட்டுகிறது.

இதைப் படித்தபோது அந்தத் தம்பியின் உள்ளங்கை என் நினைவுக்கு வந்தது. நான் வரைந்தபோது அவர் கை சும்மா இருந்தது. காவிரி அவர் தோலில் ஒரு கிச்சுகிச்சு. அவர் விரல் மேசையில் நகர்ந்தபோதுதான் அது ஆறு.

இடத்தைக் கட்டுவது கண்ணின் தனியுரிமை இல்லை என்பதற்கு 1996-இல் இன்னொரு சான்றும் வந்தது. சடாட்டோவும் உடன் ஆய்ந்தவர்களும் பார்வையற்றவர்கள் பிரெயில் படிக்கும்போது மூளையைப் படமெடுத்தார்கள். நமக்குப் பார்வைக்கு உதவும் பின்மண்டைப் பகுதி அவர்களுக்கு விரலால் படிக்கும்போது வேலை செய்தது.

கை எப்படித் தேடுகிறது என்பதையும் உளவியலாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். 1987-இல் சூசன் லெடர்மேனும் ராபர்ட்டா கிளாட்ஸ்கியும் கையின் அசைவுகளை வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பு அறியப் பக்கவாட்டில் தேய்க்கிறோம். கடினம் அறிய அழுத்துகிறோம். சூடு அறிய அசையாமல் வைக்கிறோம். எடை அறியத் தூக்குகிறோம். மொத்த உருவம் அறியப் பொத்திப் பிடிக்கிறோம். நுட்பமான வடிவம் அறிய விளிம்பைப் பின்தொடர்கிறோம். புடவைக் கடையில் நம் அம்மாக்கள் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்ப்பது முதல் வகை. இந்த அசைவுகளில் மிக மெதுவானதும் நினைவைச் சோர்வடையச் செய்வதும் கடைசியாகச் சொன்ன விளிம்புத் தொடர்தல். கையில் கொடுத்தால் சாவியையும் சீப்பையும் இரண்டு மூன்று நொடியில் சொல்லும் அதே ஆள், அவற்றின் புடைத்த கோட்டோவியத்தைத் தடவித் திணறுவது இதனால்தான். சணலுக்கும் கம்பளிக்கும் வேறுபாடு நொடியில் தெரிந்ததும் இதனால்தான். பொருளின் தன்மையைக் கை உடனே பிடிக்கும், கோட்டை மெல்லத்தான் பிடிக்கும்.

ஆயிரக்கணக்கான ஊசிகள்

ஒற்றை வரியிலிருந்து முழுப் பலகைக்குப் போகும் முயற்சிகளில் ஜெர்மனியின் ஹைப்பர்பிரெயில் திட்டம் முக்கியமானது. பீசோ பட்டைகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிற்க வைத்து இடச் சிக்கலைத் தீர்த்தார்கள். 120-க்கு 60 என 7,200 ஊசிகள். விரல் எங்கே தொடுகிறது என்பதும் பலகைக்குத் தெரியும். தொட்ட இடத்தின் பெயரைக் குரல் சொல்லும், வடிவை விரல் அறியும். தென்கொரியாவின் டாட் நிறுவனம் மின்காந்தத்தால் இயங்கும் ஊசிகளைக் கொண்டு 60-க்கு 40, அதாவது 2,400 ஊசிகள் உள்ள டாட் பேட் என்ற பலகையைச் செய்தது. அமெரிக்காவில் மோனார்க் என்ற கருவி 96-க்கு 40 என 3,840 ஊசிகளோடு வந்திருக்கிறது. அதில் 10 வரி, வரிக்கு 32 பிரெயில் கட்டம் அடங்கும். பாடநூலின் பக்கத்தையும் படத்தையும் ஒரே பலகையில் காட்டலாம்.

எண்கள் பெரிதாகத் தோன்றும். ஒரு சாதாரணக் கணினித் திரையில் 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 7,200 ஊசிகள் என்றால், திரையின் 288 புள்ளிகளுக்கு ஓர் ஊசி. ஊசிகளை இன்னும் நெருக்கி வைத்தால் என்ன என்று கேட்கலாம். விரல் நுனியின் இரண்டு மில்லிமீட்டர் எல்லை அங்கே குறுக்கே நிற்கிறது. ஆகவே இந்த ஆராய்ச்சியில் பொறியைவிடக் கடினமான பகுதி, எதை விடுவது என்று முடிவு செய்வது. ஊசி மேலே அல்லது கீழே, இரண்டே நிலை. நிறமில்லை, தடிமனில்லை, சணலும் கம்பளியும் இல்லை. எல்லைக் கோடு, ஆறு, ரயில் பாதை மூன்றும் விரலுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றைத் தொடர்ச்சியாகவும், இன்னொன்றை இடைவிட்டும், மூன்றாவதைக் கேட்டால் மட்டும் எழும்படியும் வைக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் இப்படி யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும், யோசித்ததை விரலால் படிப்பவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கண் தெரிந்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் சோதனை இதற்கு ஈடாகாது. அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கண்ட படம் மனத்தில் இருக்கிறது, விரலுக்கோ பழக்கமே இல்லை.

ஊசியே இல்லாமல், வழுவழுப்பான கண்ணாடியிலேயே தொடு உணர்வைத் தர முடியுமா என்றும் தேடுகிறார்கள். 1953-இல் எட்வர்ட் மாலின்க்ரோட் என்பவர், விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் ஒரே பித்தளை விளக்குத் தாங்கி விரலுக்கு வேறு வேறாகத் தோன்றுவதைக் கவனித்தார். மாறும் மின்புலம் விரலை மெல்ல இழுத்து விடுவதால் வரும் உராய்வு அது. 2010-இல் டிஸ்னி ஆய்வகத்தின் டெஸ்லாடச் இதையே தொடுதிரையில் கொண்டுவந்தது. விரல் நகரும்போது மட்டுமே தெரியும். விரல் நுனி முழுவதும் ஒரே உணர்வு, அதனால் ஒரு நுனிக்குள் ஆறு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. பிரெயிலுக்கு இது ஒத்துவராது. ஊசித் திரையில் தொலைந்துபோன சொரசொரப்பை ஒருநாள் இது திருப்பித் தரலாம்.

விரல் வைத்த இடமே நடு

பொத்தான்கள் போய்க் கண்ணாடித் திரைக் கைபேசி வந்தபோது, பார்வையற்றவர்களுக்குக் கதவு அடைபட்டுவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷான் கேன், ஜெஃப்ரி பிகம், ஜேக்கப் வோப்ராக் மூவரும் ஸ்லைடு ரூல் என்ற சோதனை முறையைக் காட்டினார்கள். ஒரு விரல் திரையில் ஊரும், அடியில் வருவதைக் குரல் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டாவது விரலால் தட்டினால் தேர்வாகும். பொத்தான் கருவியைவிட வேகம் கூடியது, தவறுகளும் கூடின. பெரும்பாலானோர் இதையே விரும்பினார்கள். அடுத்த ஆண்டே ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் வந்தது. இன்று கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டே பேருந்தில் போகும் பார்வையற்ற இளைஞர்களை எங்கும் காணலாம். திரையின் கீழ்மூலையில் உள்ள பொத்தான் அவர்களுக்கும் கீழ்மூலைதான். 'எங்கே' என்பது கொஞ்சம் திரும்பிக் கிடைத்தது.

அதே காலத்தில் கூகுளில் டி.வி. ராமனும் உடன் பணியாற்றியவரும் செய்த ஒன்று எனக்கு இன்னும் பிடித்தது. ராமன் பதினான்கு வயதில் பார்வை இழந்து, புனேயில் வளர்ந்து, கணிதச் சமன்பாடுகளை ஒலியாகப் படிக்க வைக்கும் ஆய்வுக்கு 1994-இல் கார்னெலில் முனைவர் பட்டம் பெற்றவர். கண்ணாடித் திரையில் 5 எங்கே இருக்கிறது என்று விரல் ஏன் தேட வேண்டும்? விரல் முதலில் எங்கே பட்டதோ அதுதான் 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, இடப்பக்கம் 4, மூலையாக மேலே இழுத்தால் 1 அல்லது 3. விரலைத் திரைக்கு ஏற்பப் பழக்காமல், திரையை விரலுக்கு ஏற்ப நகர்த்திவிட்டார்.

மறுபடியும் காவிரி. தமிழ்நாடு வடக்கு தெற்காக ஏறத்தாழ 600 கிலோமீட்டர். 40 ஊசி உயரமுள்ள பலகையில் வரைந்தால் ஓர் ஊசிக்கு 15 கிலோமீட்டர். மேட்டூரிலிருந்து ஆறு இறங்குவதும் ஈரோட்டுக்குப் பிறகு திரும்புவதும் அழகாகத் தெரியும். தம்பியின் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆனால் முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்கி ஓடுகின்றனவே, அந்தத் தீவின் அகலம் சில கிலோமீட்டர்தான். அது ஓர் ஊசிக்குள் மறைந்துவிடும்.

பெரிதாக்கத்தான் வேண்டும். கண்ணுக்கு ஜூம் எளிது. ஓரத்தில் என்ன போனது, நடுவில் என்ன வந்தது என்று ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும். விரலுக்கோ ஊசிகள் ஒரு நொடியில் இறங்கி வேறு விதமாக எழும். திருச்சியில் இருந்த விரல் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆய்வாளர்கள் பல வழிகளைச் சோதித்து வருகிறார்கள். பலகையின் ஓரத்தில் சிறிய முழுப்படத்தை நிறுத்தி வைத்து இடக்கைக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு படியாக மட்டும் பெரிதாக்கலாம். குரல் துணைக்கு வந்து ஊர்ப்பெயரைச் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது ராமனின் வழி. விரல் எங்கே இருக்கிறதோ அதை நடுவாக வைத்து, அந்த ஊசியை மட்டும் இறக்காமல், படம் அதைச் சுற்றி விரியட்டும். திருச்சியின் மேல் வைத்த விரல் திருச்சியிலேயே இருக்கும். அங்கிருந்து மெல்ல மேற்கே முக்கொம்புக்கு நகர்த்தினால், சற்று முன்புவரை ஒரே கோடாக இருந்த ஆறு விரலடியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். எந்தக் கோட்டைப் பின்தொடர்வது என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம்.